கன் பவுடர் இட்லி

ஓட்டல் சாம்பார் சூடாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. புனேயில் பாதி ஓட்டல்களில் வெல்லத்தைப் போட்டுச் சாம்பாரைப் பாயசமாக்கிவிடுவார்கள். அதைக்கூட மன்னித்துவிடலாம். ஆறிப்போன சாம்பாரை மன்னிக்க முடியாது. 1991-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷெட்டி ஓட்டலில் சாம்பார் நல்ல கொதியில் இருந்தது. அதை ஒரு வாளி முழுக்க என் வருங்கால மாமனாரின் மடியில் கவிழ்த்தவன் நான்.

சரியாகச் சொன்னால், கவிழ்த்தது என் முழங்கை. வாளியை மேஜையின் விளிம்பில் கொண்டுவந்து வைத்தவர் சர்வர். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு விஷயத்தைத் தெளிவாக்கத்தான். மற்றதெல்லாம் வழியில் வருவது.

என் பெயர் குணசீலன். சொந்த ஊர் குடியாத்தம். வெடிமருந்து செய்யும் சர்க்கார் ஃபேக்டரி ஒன்றில் வேலை. அன்றைக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண் வீட்டுக் குவார்ட்டர்ஸ் ஒற்றை அறை. நாலு பேர் வந்தால் இரண்டு பேர் வாசலில் நிற்க வேண்டும். அதனால் ஓட்டலிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் பெண்ணின் அப்பா. எனக்குப் பெரியவர்கள் யாரும் இல்லாததால், என் குணத்துக்குச் சாட்சி சொல்ல என் செக்‌ஷன் சிநேகிதன் மாசிலாமணியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆரணிக்காரன். ஒல்லி. என்னைவிடக் கறுப்பு. ஆபத்தில்லாதவன் என்று நினைத்தேன்.

செக்‌ஷனில் விகடம் பண்ணுவது என் இலாகா. அது எல்லோருக்கும் தெரியும். பெண், சாந்தகுமாரி, தலையைக் குனிந்தபடி வடையைப் பிட்டுக்கொண்டிருந்தாள். அவளைச் சிரிக்க வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. எங்கள் கேன்டீன் தோசையை நாலு வாங்கி மாட்டினால் டெம்போ ஓடும் என்று சொல்லி, சக்கரம் சுற்றுவதைக் கையால் சுற்றிக் காட்டினேன். இரண்டாவது சுற்றில் முழங்கை வாளியில் பட்டது.

பெரியவர் எழுந்து குதித்தார். வெள்ளை பேன்ட். நான் சர்வரைப் பார்த்தேன். கல்லாவிலிருந்து ஷெட்டியும் சர்வரைப் பார்த்தார். அந்த ஆளை அதற்குப் பிறகு அங்கே நான் கண்டதில்லை. ஓட்டல்களில் ஆட்கள் வருவார்கள், போவார்கள்.

மாசிலாமணி என்ன செய்தான் தெரியுமா? தண்ணீர் ஜக்கை எடுத்துப் பெரியவர் காலில் ஊற்றினான். மண்டியிட்டுத் தன் கர்ச்சீப்பால் துடைத்தான். துடைத்துக்கொண்டே நிமிர்ந்து, "சம்பந்தம் பேச வந்தோம் மாமா, சாம்பார் முந்திக்கிச்சு" என்றான்.

சாந்தகுமாரி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எரிச்சலோடு நின்ற பெரியவரும் சிரித்தார். அந்த வாக்கியம் என்னுடையது. என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அவன் எடுத்துக்கொண்டான்.

ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த தை மாசம் அவளுக்கும் மாசிலாமணிக்கும் பொருந்திவிட்டது. கல்யாணத்துக்குச் சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். நான் கல்மனசுக்காரன் இல்லை. பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கியதே நான்தான். அந்த வேடிக்கைக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதிலிருந்து எனக்குப் பெயர் 'சம்பந்தம்' என்று ஆகிவிட்டது. செக்‌ஷனில் இருந்த தமிழர்கள் ஆரம்பித்தார்கள், மராத்திக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "காய் சம்பந்தம், டீக் ஆஹே கா?" என்று ஃபோர்மேன் குசலம் விசாரிப்பார்; அதுதான் என் நிஜப் பெயர் என்று நினைத்திருந்தார் பாவம். எனக்குப் பார்த்த அடுத்த இரண்டு இடங்களிலும் பெயர் வந்த கதை முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றாவது இடம் பார்க்கவில்லை.

இப்போது இட்லிப் பொடிக்கு வருகிறேன்.

சாந்தகுமாரி இடிக்கும் பொடி நன்றாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எள்ளு தூக்கலாக, பெருங்காயம் மணக்க, ஒரு கல் உப்பு கூடக் கூடாமல். மாசிலாமணி ஒருநாள் கொஞ்சம் கொண்டுபோய் ஷெட்டியிடம் கொடுத்தான். ருசி பார்த்த ஷெட்டி அதை வாராவாரம் கேட்க ஆரம்பித்தார். பட்டாளத்துக்காரர்கள் மிளகாய்ப் பொடியைக் கன் பவுடர் என்பார்கள் இல்லையா, அதையே பலகையில் எழுதி மாட்டினார்: 'கன் பவுடர் இட்லி'. வருகிறவர்களிடம், "அஸ்லி மால், அசல் சரக்கு சார், ஃபேக்டரியிலிருந்தே வருகிறது" என்று கண்ணடிப்பார். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் மாசிலாமணி டிபன் டப்பாவில் பொடியோடு நேரே ஓட்டலுக்குப் போவான். நாங்களும் கூடவே போய் உட்காருவோம்.

பம்பாயில் குண்டுகள் வெடித்த வருஷம் அது. வெடித்துச் சில வாரம் ஆகியிருந்தது. எங்கள் கேட்டில் சந்தேகம் வந்தால் சோற்று மூட்டையைக் கூடக் கிளறிப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை, புதிதாகச் சேர்ந்த பையன்கள் எங்களோடு ஓட்டலுக்கு வந்தார்கள். சாந்தகுமாரியும் வந்திருந்தாள். "அண்ணனுக்கு ஏன் சம்பந்தம்னு பேரு?" என்று ஒருத்தன் கேட்டான். மாசிலாமணி கதையை முழுசாகச் சொன்னான். முழங்கையை எல்லாம் ஆட்டிக் காட்டினான். நானும் சிரித்தேன். நான் எப்போதும் சிரிப்பேன்.

"இன்னும் எத்தினி வருசத்துக்கு இதையே சொல்லிக்கினு இருப்பீங்க? பாவம் அண்ணன்" என்றாள் சாந்தகுமாரி.

கேலியை நான் தாங்கிக்கொள்வேன். என் பிழைப்பே அதுதான். அந்தப் 'பாவம்' தொண்டையில் மாட்டிக்கொண்டது. அந்த 'அண்ணன்' அதற்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. காபியைக் குடித்துப் பார்த்தேன், இறங்கவில்லை.

திங்கட்கிழமை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போலீசுக்குப் போன் செய்தேன். இந்தியில் பேசினேன். மாசிலாமணி என்று ஒருவர், இன்ன செக்‌ஷன், சனிக்கிழமை தோறும் டிபன் டப்பாவில் கன் பவுடர் எடுத்துப் போய் இன்ன ஓட்டலில் கொடுக்கிறார். அவ்வளவுதான் சொன்னேன். இதில் பொய் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

கேட்டில் டப்பாவைத் திறப்பார்கள், எவனாவது தும்முவான், எல்லோரும் சிரிப்பார்கள், அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் கிடைக்கும், கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன். இப்படித்தான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். அங்கே கேட்டில் பிடித்த பொடியை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை கேட்டில் பிடித்தார்கள். கொண்டுபோய் விசாரித்தார்கள். அந்த வருஷம் எப்படி விசாரிப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு போலீஸ் அதிகாரி செக்‌ஷனுக்கு வந்தார். உன் ஊர்க்காரன்தானே, 'பொடி பொடி' என்றே கத்திக்கொண்டிருக்கிறான், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

"பவுடர்" என்றேன்.

"இட்லிக்குத் தொட்டுக்கொள்வது என்கிறானே?"

"இட்லிக்கு நாங்கள் சட்னிதான் சார் தொட்டுக்கொள்வோம்."

எங்கள் வீட்டில் சட்னிதான்.

பொடியைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, எள், மிளகாய், பெருங்காயம் என்று பதில் வருவதற்குள் மாசிலாமணிக்கு இரண்டு காதும் போய்விட்டது. வலது கை விரல்கள் மடங்கவில்லை. அதோடு விட்டார்களா என்றால், இல்லை. சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்யலாமா என்று இலாகா விசாரணை வைத்தார்கள். வெடிமருந்து இல்லை, இட்லிப் பொடிதான் என்று நிரூபணமானதே அவனுக்கு வினையானது. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். பொடி விற்றானா என்றார்கள். விற்றான் என்றேன். அதுவும் நிஜம். வேலை போயிற்று, குவார்ட்டர்ஸும் போயிற்று.

நான் அவர்களைக் கைவிடவில்லை. ஹடப்சரில் ஒரு தகரக் கூரை வீடு பிடித்துக் கொடுத்தவன் நான். டெம்போவில் சாமான் ஏற்றியவனும் நான். அந்தச் சுவர்க்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன், உடைந்துவிடக் கூடாதே என்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் காய்கறியோடு போவேன். அவன் காதருகில் கத்துவேன். "டேய் சம்பந்தம், மெதுவா பேசுடா, காது கிழியுது" என்பான். அந்த நிலைமையிலும் அவன் ஜோக் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"யார்டா போன் பண்ணிருப்பான்? எனக்கு எவன்டா விரோதி கீறான்?" என்று சில சமயம் கேட்பான். நான் உதட்டைப் பிதுக்குவேன். சாந்தகுமாரி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

வருஷங்கள் போயின. ஹடப்சரில் வயல் இருந்த இடத்தில் எல்லாம் கண்ணாடிக் கட்டடம் வந்தது. மகர்பட்டா பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் மாசிலாமணிக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. காது கேட்காதவனை எப்படி எடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நான்தான் சிபாரிசு செய்தேன். ஒரு சாயங்காலம் பின்னால் நகர்ந்து வந்த கம்பெனி பஸ்ஸின் ஹாரன் அவனுக்குக் கேட்கவில்லை.

சாவு வீட்டில் நான் அழுதது நடிப்பு இல்லை. தோள் கொடுத்ததில் முதல் ஆள் நான். எனக்கு இளகின மனசு. கூட வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

முதல் தெவசம் முடிந்த பிறகு சாந்தகுமாரியை ஷெட்டி ஓட்டலுக்குக் கூப்பிட்டேன். வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். பழைய ஷெட்டி இல்லை, மகன் கல்லாவில் இருந்தான். பலகையில் கன் பவுடர் இட்லி இல்லை. நாங்கள் அன்றைக்கு உட்கார்ந்த மேஜை காலியாக இருந்தது. அவளேதான் அங்கே போய் உட்கார்ந்தாள். பாதி நரைத்த தலை. மகர்பட்டா ஃபிளாட்டுகளுக்குப் பொடி இடித்துக் கொடுத்துப் பிழைக்கிறாள், உள்ளங்கை காய்த்திருந்தது.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. அவளும் தனி, நானும் தனி. அதைச் சொல்வதற்கு முன்னால் பழைய முள் ஒன்றைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு இதே டேபிள்ல... மாசி அந்த ஜோக்கைச் சொல்லலேன்னா, நீ என்னைத்தானே கட்டியிருப்பே?"

இட்லியைப் பிட்ட கை நின்றது. அவள் என்னை நேராகப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஜோக்குக்கு இன்னாண்ணே இருக்குது? நீங்களும்தான் ஜோக்கு சொன்னீங்க. அப்பாவுக்கு உங்க மேல வருத்தமே இல்ல. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"சாம்பார் கொட்டின ஒடனே நீங்க அந்த சர்வரைக் கைகாட்டினீங்க. 'இவன்தான், இவன்தான்'னீங்க. வாளி டேபிள் நடுவுல இருந்திச்சு. நான் தலைய குனிஞ்சிக்கினு அதைத்தான் பாத்துக்கினு இருந்தேன். அந்த ஆளைச் சட்டையப் புடிச்சி வெளிய தள்னாங்க. இவரு அதுக்குள்ள அப்பா கால்ல தண்ணி ஊத்தினு இருந்தாரு. எனக்கு அவ்ளோதான் வேணும்."

நான் தண்ணீர் டம்ளரை எடுத்தேன்.

"போலீசுக்கு யாரோ போன் பண்ணாங்கன்னு தெரிஞ்சப்போ அவரு ஊர்ல கீற பேரையெல்லாம் யோசிச்சாரு. நான் யோசிக்கவே இல்ல."

"அப்புறம் ஏன்... வாராவாரம் நான் வந்தப்போ..."

"அவருக்குன்னு மிச்சம் இருந்தது நீங்க ஒருத்தர்தான். ஞாயித்துக்கெழம காலைலயே சட்டை மாத்திக்கினு வாசல்ல உக்காந்துக்குவாரு. அதையும் புடுங்கணுமான்னு உட்டுட்டேன். இப்ப அவரு இல்ல. இனிமே வராதீங்க."

இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நடந்ததை மறைக்காமல் எழுதிவிட்டேன். போன் செய்தது நான். பொடியைப் பவுடர் என்றது நான். அவன் செத்ததற்கு நான்தான் காரணம் என்று யாராவது சொன்னாலும் மறுக்கப் போவதில்லை. ஆனால் சாந்தகுமாரிக்கு வயசாகிவிட்டது, ஞாபகம் பிசகுகிறது. வாளி மேஜை நடுவில் இல்லை. அந்த சர்வர் அதை விளிம்பில்தான் வைத்திருந்தான்.