முட்டி மாமியாருது, பயிற்சி மருமகளுது

…அதான் கேக்குறேன், முட்டி வலின்னு வர்ற ஆளுகள மாடி ஏறி வரச் சொன்னா எப்புடி வருவாக? நீங்களே சொல்லுங்கக்கா. பாருங்க, ஒங்களுக்கே மூச்சு வாங்குது. ஒக்காருங்க, ஒக்காருங்க. அந்தப் பெஞ்சு வேணாம், ஆடும். இங்கிட்டு வாங்க. டாக்டர் உள்ள ஒரு ஆளப் பாத்துக்கிட்டு இருக்காங்க, இப்பக் கூப்புட்ருவாங்க. எந்தூரு நீங்க? கட்டுமாவடியா! அங்கேருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டேவா வந்தீங்க? எவனாச்சும் எந்திரிச்சு எடம் குடுத்தானா? குடுக்க மாட்டான். போன வாரம் இதுக்காக நா ஒருத்தன்கிட்ட சண்டை போட்டேன். கண்டக்டரு என்னையத்தான் எறக்கி விட்டாரு. அது வேற கத.

எம் பேரு காவ்யா. பிசியோதெரபி படிக்கிறேன், எம்.பி.டி. ரெண்டாம் வருசம். அமுதவல்லி டாக்டரோட மூட்டு ஆராய்ச்சியில கூட இருக்கேன். டாக்டருக்கு இதுதான் கடைசி ஆராய்ச்சி, இந்த மாசத்தோட ரிட்டயர்டு. பயிற்சிக் குழுவுல ஒரே ஒரு எடம் காலியாக் கெடக்கு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆளு சேரலைன்னா, ஆளு பத்தலைன்னு மேலெடத்துல மொத்தத்தையும் மூடிருவாக. டாக்டரோட ஆயுசு ஒழைப்பும் போச்சு, எம் பட்டமும் போச்சு. அதான் ஒங்களப் பாத்ததும்… சேந்துருவீங்கதான? யோசிக்கிறீங்களா? யோசிங்க, யோசிங்க. இங்கிட்டு யாரும் அதச் செய்யிறதில்ல.

டாக்டரத் தெரியாதா ஒங்களுக்கு? காலேஜ்ல கபடி ஆடுனவங்க. ஒரு மேட்ச்சுல முட்டிக்குள்ள சவ்வு அந்துபோச்சு. படு, அசையாதேன்னு ஊரே சொல்லியிருக்கு. படுத்தாங்க. வீக்கம் வத்துச்சு, கூடவே தொடையும் வத்திருச்சு. அன்னிக்குப் புடிச்ச கேள்விக்கா… சின்ன வயசுல அடிபட்ட மூட்டு பின்னால என்னாகுது? அத வச்சே காலத்த ஓட்டிட்டாங்க. மஞ்சுவெரட்டு நடக்குற ஊருக்கெல்லாம் போவாங்களாம். சனமெல்லாம் மாட்டப் பாக்கும், இவங்க மட்டும் விழுந்தவன் முட்டியப் பாப்பாங்க. அந்தப் பயலுகள விடாம வருசக்கணக்காத் தொரத்திப் பாத்தா, முப்பத்தஞ்சு வயசுக்காரனுக்கு அறுவது வயசு முட்டி! உள்ள இருக்குற குருத்தெலும்பு தேஞ்சு கெடக்கு. ஒழுங்காத் தொடைக்குப் பயிற்சி செஞ்சவன் மட்டும் ஓரளவுக்குத் தப்பிச்சிருக்கான். முட்டி என்ன வண்டி டயரா, ஓட ஓடத் தேயிறதுக்கு? அளவா அசைச்சாத்தான் அதுக்குச் சாப்பாடே போய்ச் சேரும்.

இத வெளிநாட்டு மேடையில சொன்னாங்க, எந்திரிச்சு நின்னு கை தட்டுனாக. இங்கிட்டு வந்து சொன்னா, “ஊசி போடத் தெரியாத டாக்டரு”ங்குறாக! சேவுகன்னு ஒரு பெரியவரு, “இம்புட்டுப் படிச்சுப்புட்டு நாக்காலியில ஒக்காந்து ஒக்காந்து எந்திரிங்குது. எங்க வாத்தியாரு காசு வாங்காமயே தோப்புக்கரணம் போட வச்சாரு”ங்குறாரு. நா தப்பா ஒண்ணும் பேசலக்கா. “அவரு போட வச்சது பத்தல போல, அதான் இப்புடி இருக்கீங்க”ன்னேன். துண்ட ஒதறிப்புட்டுப் போயிட்டாரு. நாயத்தப் பேசுனா யாருக்குப் புடிக்குது?

இந்த எடம் ஏன் காலியாச்சுன்னுதான கேக்குறீங்க? கேக்கலையா? சரி, சொல்றேன். மீனம்மாள்னு ஒரு அம்மா. மொத நாளு டாக்டரே அவுக முட்டிய அளந்து சேத்துக்கிட்டாங்க. அதுக்கப்பறம் பயிற்சி குடுக்குறது, பலம் அளக்குறது எல்லாம் என் பொறுப்பு. ஒரே மாசத்துல பாத்தா… அடேயப்பா, தொட பலம் ரெண்டு மடங்கு! டாக்டர் வாழ்நாள்ல அப்புடி ஒரு கணக்கப் பாத்ததில்ல. சந்தோசத்துல எனக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குடுத்தாங்க. போன வாரம் எக்ஸ்ரேவுக்கு வரச் சொன்னா, கம்ப ஊனிக்கிட்டு ஒரு கெழவி வருது.

“யாரும்மா நீங்க?”

“நாந்தான் மீனம்மா.”

“அப்ப இத்தன நாளா வந்தது?”

“அது எம் மருமக வனிதா.”

எனக்குத் தல சுத்திருச்சுக்கா! மொத அளவு மாமியாரோடது, அடுத்த அளவு மருமகளோடது. பலம் கூடாம என்ன செய்யும்? அந்தம்மா அசரல. “எம் மவனுக்கு அம்ம போட்டப்ப நார்த்தாமல ஆத்தாளுக்கு நாந்தான தீச்சட்டி எடுத்தேன்? அவனுக்குக் கொணமாகலையா? வீட்டுல யாரு செஞ்சா என்ன, பலன் வந்து சேந்துட்டுப் போகுது”ங்குது. அந்த வனிதா என்னடான்னா, “பயிற்சிய நிப்பாட்டிறாதீங்க, எனக்கு இடுப்பு வலி போயிருச்சு”ன்னு கண்ணக் கசக்குது. வாரத்துல மூணு நாளு மாமியாரு இல்லாத எடத்துல ஒக்காந்து எந்திரிச்சா எந்த வலிதான் போகாது?

நா கண்டுபுடிச்சிருக்கணும்னு பாக்குறீங்களா? எப்புடிக்கா? பேரக் கூப்புடுவேன், கையத் தூக்கும். நா அந்நேரம் யாருகிட்டயாச்சும் ஊசி ஏன் வேணாம்னு சத்தம் போட்டுக்கிட்டு இருப்பேன். வயசு அறுவதுன்னு போட்டிருக்கு, ஆளு முப்பத்தஞ்சு மாதிரி இருக்கேன்னு ஒரு நாளு தோணுச்சுதான். மீனு திங்கிற ஒடம்புன்னு விட்டுட்டேன். போற வர்றவுகளுக்கெல்லாம், “பயிற்சி செஞ்சா இப்புடி ஆகலாம்”னு அந்தப் புள்ளையவே காட்டியிருக்கேன்…

டாக்டர் திட்டவே இல்லக்கா. திட்டியிருந்தா பதிலாச்சும் பேசியிருப்பேன். மீனம்மா பேரையும் கணக்கையும் அவங்க கையாலயே அடிச்சுட்டு, தன் முட்டியத் தடவிக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. அப்பறம், “காவ்யா, இனிமே யாரு வந்தாலும் நேரா உள்ள அனுப்பு. நீ ஒண்ணும் சொல்லாத”ன்னாங்க. நா என்ன சொல்லிடப் போறேன்? ஆராய்ச்சின்னா என்னன்னு வர்றவுகளுக்குப் புரிய வேணாமா?

என்னக்கா எந்திரிச்சிட்டீங்க? தண்ணியா? ஊசியா? போட மாட்டாங்கன்னுதான இம்புட்டு நேரம் தொண்ட கிழியக் கத்துறேன்! கோவமா? நா எங்க கோவப்பட்டேன், எங் கொரலே இப்புடித்தான். ஒங்கூருலயே ஒருத்தரு போடுறாரா? என்ன ஊசின்னு கேட்டீங்களா? கேக்க மாட்டீங்களே! சரி சரி, போகாதீங்க, டாக்டர ஒரு எட்டுப் பாத்துட்டு… அக்கா! செருப்ப விட்டுட்டுப் போறீங்க!

ஆ… டாக்டர். யாரும் வரல டாக்டர். செருப்பா? அது… கட்டுமாவடியிலேருந்து ஒரு அக்கா வந்தாக. நா ஒரு வார்த்தகூடப் பேசல, அவுகளாத்தான் போயிட்டாக. நீங்க எதுக்கு டாக்டர் செருப்ப எடுக்குறீங்க? ஒங்க முட்டியோட எப்புடி எறங்குவீங்க, நா போயிக் கூப்புட்டு… சரி. சரி, போகல. இங்கேயே இருக்கேன். வாயத் தொறக்கல.

டாக்டர், கம்பியப் புடிச்சுக்கிட்டு எறங்குங்க! அக்கா, ஏ கட்டுமாவடி அக்கா, நில்லுங்க, டாக்டரே வாராங்க! ஊசி மட்டும் கேட்றாதீங்க!