பத்தாவது பாஸ் வேணுமாம்

"மூக்கு சிந்தி வுடறதுக்கும் பத்தாவது பாஸ் பண்ணிருக்கணுமாம்!"

பாரிமுனையிலிருந்து திருவொற்றியூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்து வந்தது அந்தக் குரல். பேசியவர் ஒரு பால்வாடி ஆயா. பக்கத்தில் காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்த பெண் அவர் பக்கம் திரும்பினார்.

"இன்னாக்கா சொல்ற?"

"புது ரூல்ஸு. பதினாறு வருசமா புள்ளைங்கள பாத்துக்கினு கீறேன், இப்ப நான் ஆவமாட்டேனாம். பத்தாவது பாஸான பொண்ணு ஒண்ணப் போட்டுக்கீறாங்க. அது ரிஜிஸ்டர்ல கீற பேரச் சொல்லிக் கூப்ட்டுது. ஒரு புள்ள வாயத் தொறக்கல. குண்டு, புஜ்ஜி, கருவாடுன்னு கூப்ட்டாதானே அதுங்களுக்குத் தெரியும்? எல்லாத்துக்கும் ஆப்சென்ட் போட்டுட்ச்சு!"

"அய்ய! அப்பால?"

"ஆபீசர் என்னிய வரச் சொன்னாரு. ஒரு மாசம் கூட இருந்து அந்தப் பொண்ணுக்கு வேலய கத்துக் குடுத்துட்டு நின்னுக்கன்றாரு. பத்தாவது பாஸுக்கே கத்துக் குடுக்கணும்னா நான் இன்னா படிச்சிருக்கணும் சார்னு கேட்டேன்."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

"போய் எல்லாருக்கும் டீ வாங்கினு வான்னாரு. அதுக்கும் பத்தாவது பாஸ் ஆளையே அனுப்புங்கன்னு சொல்ட்டு பஸ் ஏறிட்டேன்."