ஐந்தில் ஒரு கோப்பை

காபிக்கு நன்றி, ஐயா. ஆறட்டும், அப்புறம் குடிக்கிறேன். எங்கள் தொழிலில் யாரும் கொதிக்கக் கொதிக்க வாயில் வைப்பதில்லை. நாக்கை வைத்துத்தானே பிழைப்பு.

நானும் என் மச்சானும் காபிக்கொட்டை வறுத்து விற்கும் கம்பெனியில் ருசி பார்ப்பவர்கள். மச்சான் என்றால் என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான், பெண் கொடுத்ததும் அவர்தான். ஒரு சரக்கு வந்தால் அதில் ஐந்து கோப்பை கலந்து வரிசையாக வைப்போம். ஒரே மூட்டைக்கு எதற்கு ஐந்து என்று கேட்பீர்கள். ஒரு கெட்டுப்போன கொட்டை ஒரு கோப்பையில்தான் விழும். ஐந்தில் அந்த ஒன்றைப் பிடிப்பவன்தான் ருசிக்காரன். கரண்டியில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. ஒரு நாளில் எத்தனையோ கோப்பை, யார் உடம்பு தாங்கும்?

மச்சானுக்கு அது இன்னும் முக்கியம். அவருக்கு நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகிற வியாதி. காபி வாசலுக்கே வரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "காபியில சம்பாதிச்சு வெந்நி குடிக்கிற ஒரே ஆளு நான்தான் மாப்ளே" என்று சொல்லிச் சிரிப்பார். நல்ல மனிதர். அதை நான் மறுக்கவே இல்லை.

போன வருஷம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே ருசியையும் மணத்தையும் கொண்டு போனது. சூடு தெரியும், குளிர்ச்சி தெரியும், கெட்டியா தண்ணியா என்று தெரியும். அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. அவள் குழம்பு எப்படி என்று கேட்டால் பிரமாதம் என்பேன். வேலையில் மச்சானின் முகத்தைப் பார்த்து மார்க் போட்டேன். புளிப்பு தூக்கலாக இருந்தால் அவருக்கு இடது புருவம் ஏறும். பழைய கொட்டை என்றால் மூக்கைத் தேய்த்துக்கொள்வார். பத்து மாதம் அப்படி ஓட்டினேன். திறமை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மாத்திரை பழக்கமானது. ருசியே தெரியாதவனுக்குக் காபி எதற்கு? அதில் எனக்கு வேண்டியது தூக்கத்தை விரட்டுகிற கஃபீன் ஒன்றுதான், அதை மட்டும் பிரித்து மாத்திரையாக விற்கிறார்கள். மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கூடக் கேட்கவில்லை. நான் வாங்கியதில் ஒரு மாத்திரை ஏறக்குறைய இரண்டு கோப்பை காபி. யோசித்துப் பார்த்தால் மாத்திரைதான் நேர்மையானது. காபியில் இன்றைக்குக் கூடும், நாளைக்குக் குறையும், கை அளவுதானே. மாத்திரையில் அளவு அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். காபியை மெதுவாகக் குடிக்கிறோம். போதும் என்று வயிறே சொல்லிவிடும், கோப்பையை வைத்துவிடுவோம். மாத்திரை அப்படிச் சொல்லாது. உள்ளே போன பிறகுதான் கை நடுங்கும், காதுக்குள் நெஞ்சு அடிக்கும். நானே ஒரு நாள் இரண்டு சேர்த்துப் போட்டுக்கொண்டு, படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆகையால் எனக்குத் தெரியாமல் எதையும் செய்யவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் ஒரு கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். உறிஞ்சித் துப்பிவிட்டு, "கொஞ்சம் புளிப்பு தூக்கல், ஆனா நல்ல சரக்கு" என்றேன்.

"அதுல ரெண்டு கரண்டி உப்பு போட்டிருக்கேன் மாப்ளே" என்றார்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோளில் கை போட்டு, "எத்தனை நாளா இப்படி? அட பாவி, என்கிட்டயாவது சொல்லக்கூடாதா? திங்கக்கிழமை முதலாளி வரார். நீயே சொல்லிடு. வேற சீட்டு தருவாங்க, நான் பேசறேன். நீ சொல்லலைன்னா நான் சொல்லியாகணும், இது மத்தவங்க குடிக்கிற பண்டம்" என்றார்.

வேறு சீட்டு என்றால் கிடங்கில் மூட்டை எண்ணுவது. பத்து வருஷம் ருசிக்காரர் என்று கூப்பிட்டவர்கள் முன்னால் மூட்டை எண்ண வேண்டும். மனைவிக்கும் தெரிந்துவிடும், பத்து மாதமாக அவள் சமையலைப் பற்றி நான் சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்துவிடும். அந்த இரண்டு நாளும் எனக்கு அதே பயம்தான்.

நான் நினைத்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை காலை, முதலாளி வருமுன் அவருக்குக் கொஞ்சம் படபடப்பு வரட்டும். கை நடுங்கட்டும், மார்க் தப்பாகட்டும். மனிதருக்கு முன்போல முடியவில்லை என்று முதலாளி நினைக்கட்டும். அப்புறம் அவர் என்னைப் பற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்? மாத்திரைகளை நுணுக்கி ஐந்தில் நாலாவது கோப்பையில் கலந்தேன். ஒரு கோப்பையில் மட்டும்தான். துப்பிவிடுகிற கோப்பை.

மச்சான் வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று உறிஞ்சித் துப்பினார். நாலாவதில் நின்றார். ஐந்தாவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப நாலாவதற்கு வந்தார். "இது என்ன கசப்பு? வறுத்ததுல வர்ற கசப்பு இல்லையே. மாப்ளே, நீ இதை..." என்று என் பக்கம் திரும்பியவர், எனக்கு ருசி தெரியாதது ஞாபகம் வந்து, "சரி, விடு" என்றார்.

அவருக்கு ஒரு பழக்கம். பிடிபடாத ருசி ஒன்று வந்துவிட்டால் துப்ப மாட்டார், விழுங்குவார். "நாக்கு ஏமாந்துடும், தொண்டையைத்தான் கேக்கணும்" என்பார். அதைச் செய்யாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், என் மனைவி அழுதே சொல்லியிருக்கிறாள். கேட்டதே இல்லை. அன்றைக்கும் ஒரு கரண்டி விழுங்கினார். இன்னொன்று. அப்புறம் கோப்பையையே தூக்கிக்கொண்டார். நான் பென்சிலோடு பக்கத்தில் நின்று, அவர் சொல்லச் சொல்ல மார்க் தாளில் எழுதினேன். 'சுத்தமான கசப்பு. வேறு வாசனை இல்லை.' அந்தத் தாள் உங்கள் ஸ்டேஷன் கோப்பில் இருக்கும். என் கையெழுத்து அழகாகவே இருக்கும்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். "மாப்ளே, நெஞ்சு குதிக்குதுடா" என்றார். அதுவரை என்னை டா போட்டதில்லை. நாற்காலியில் உட்கார வைத்தேன். வேலை முடிந்தால் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்ப்பது எங்கள் வழக்கம். ஐந்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

அவர் இறந்ததற்குப் பழைய நெஞ்சு வியாதிதான் காரணம் என்று எல்லாருமே சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நான் விஷம் வைக்கவில்லை, ஐயா. காபியில் இருப்பதைத்தான் காபியில் போட்டேன். அதைக் குடித்து யாராவது சாவார்களா?

இருபது நாளைக்கு முன்னால் என் சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்த என் மனைவி, ஓரப் பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளை வெளியே எடுத்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அட்டைகளை இருந்த இடத்திலேயே வைத்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை எனக்குக் காபி வைத்தாள். அண்ணன் போனதிலிருந்து எங்கள் வீட்டில் காபி போட்டதில்லை. "குடிங்க, ஆறிடப்போவுது" என்று எதிரே உட்கார்ந்தாள். கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். குடித்து முடித்ததும், "கசக்குதா?" என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து தினமும் அதே காபி, அதே கேள்வி. வேண்டாம் என்றால் ஏன் என்பாள். குடித்துவிடுவேன். கை நடுங்குகிறது, பாருங்கள். தூக்கம் போய்விட்டது. நெஞ்சு அவருக்கு எப்படிக் குதித்ததோ அப்படியே குதிக்கிறது. பயத்தினாலா, காபியினாலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் நானாகவே வந்தேன். என்னை உள்ளே வையுங்கள். முதலில் என் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? காபி ஆறிவிட்டது, ஆமாம். குடிக்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள், ஐயா, இதில் முதலில் நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுங்கள்.