ஆகாய விழாவின் கடைசிச் சுற்று

சகலமான பேர்களுக்கும் இதனால் தெரியப்படுத்துவது: 1958-ஆம் வருஷத்துச் சாரலில் மனித குலம் ஒரு படி உயர்ந்தது. தென்காசி மில் முதலாளி தளவாய் ஒரு விமானம் வாங்கினார். பைலட்டுக்கு ஓர் இருக்கை, கூடப் போகிறவருக்கு ஓர் இருக்கை. மேலகரத்துக்கு மேற்கே தரிசை மட்டமாக்கி அதை இறக்கினார். மேளம் வைத்து, வாலில் சந்தனம் பூசி, அருவியை மேலிருந்து காட்டும் ஆகாய விழா என்று அறிவித்தார். பொதுமக்களுக்கு இலவசம்.

நான் காந்திமதிநாதன், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அந்த விமானத்துக்குப் பாலிசி போட்டவன். விமானத்துக்கும் பைலட்டுக்கும் மட்டும்தான் காப்பு. ஏறுகிற ஜனங்களையும் சேர்க்கச் சொல்லத்தான் விமான பூஜைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, ஏறுதவங்களுக்கு ஏதும் ஆச்சுன்னா..."

"நல்ல காரியத்துல சாவுப் பேச்சா பேசுதீரு? ஏலே முப்பிடாதி, மஞ்சத்தண்ணி கொண்டா. இவரு வாயைக் கொப்பளிக்கட்டும்."

அமங்கலம் பேசினவன் வாய் கொப்பளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். வீட்டுக்குள் செய்வார்கள். அவர் மேளத்தை நிறுத்தச் சொல்லி, தாசில்தார் முன்னால் செய்ய வைத்தார். "இன்னொரு மடக்கு. பல்லிடுக்குல பாடை ஒண்ணு நிக்கி" என்றார். கூட்டம் சிரித்தது. பிறகு, ஏறுகிற ஆட்களைப் பொறுக்கும் வேலையை எனக்கே கொடுத்தார்.

ஒழுங்காகத்தான் பொறுக்கினேன். ஒண்டிக்கட்டைகளையும் கிழவர்களையும் திருப்பி அனுப்பினேன். விமானம் விழுந்தால் தளவாய் தன் கையிலிருந்து நஷ்டஈடு கொடுக்க வேண்டும். செத்தவனுக்குக் குடும்பம் பெரிதானால் தொகையும் பெரிது. இது தொழில் அறிவு. கோபத்தை நான் இதில் கலக்கவில்லை.

அச்சன்புதூர் நெசவாளி யாக்கூப், மனைவி ராபியாவோடும் ஐந்து பிள்ளைகளோடும் வந்திருந்தார். அந்த ஐந்து எனக்குப் பிடித்திருந்தது.

"அண்ணாச்சி, வானம் இருட்டிட்டு வருது. இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா இதுகளுக்கு வழி உண்டா?" என்று கேட்டாள் ராபியா.

"இன்சூரன்ஸ் இருக்கும்மா."

"பாத்தியா, செத்தாலும் உனக்கு லாபந்தான்" என்று சிரித்தார் யாக்கூப்.

"உங்க வாயிலதான் மஞ்சத்தண்ணி ஊத்தணும்" என்றாள் ராபியா.

பைலட் மலையைக் காட்டினார். ஐந்தருவிக்கு மேல் மேகம் இறங்கிவிட்டது, இன்றைக்குப் போதும் என்றார்.

"முதலாளி இன்னும் ஒரு சுத்து போகச் சொல்லுதாரு" என்றேன்.

தளவாய் அப்போது பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

யாக்கூப்பை ஏற்றிக்கொண்டு விமானம் மேகத்துக்குள் போயிற்று. திரும்பி வரவில்லை. இரண்டு பேர் உடலையும் மறுநாள் மலையிலிருந்து தூக்கி வந்தார்கள்.

நான் ஒன்றைத்தான் தவறாக எண்ணிவிட்டேன். இலவசமாக, இஷ்டப்பட்டு ஏறியவனுக்கு முதலாளி பொறுப்பில்லை என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். நான் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சொன்னதை ராபியா கூண்டில் ஏறிச் சொன்னாள். நான் மறுத்தேன். ஒப்புக்கொண்டால் ஏஜென்சி போய்விடும். அவள் இப்போது பீடி சுற்றுகிறாள். பிள்ளைகள் ஐந்தும் கூடவே சுற்றுகின்றன.

பைலட் வீட்டுக்குப் பணம் வந்தது. விமானத்துக்கும் முழுசாக வந்தது. தளவாயின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்தச் செக்கை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். காப்பி தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.