நாலு பேர் பார்த்துட்டுப் போன வீடு

— அந்தா, காரத் திருப்பிட்டுப் போறாரே, அவரு யாரு? வீடு பாக்க வந்த ஆளா?

— ஆமா. செருப்பக் கூட ஒழுங்கா மாட்டாம ஓடிப் போயிக் காருல ஏறிட்டாரு.

— ஏட்டி யோகு, அந்த மனுசன என்னட்டி செஞ்ச?

— என்னத்தச் செஞ்சேன்? காபி குடுத்தேன், வீட்டச் சுத்திக் காட்டுனேன். வீட்டுக்காரரு கடற்கரை அண்ணாச்சிதான சொல்லிருக்காரு, குடியிருக்கவிய நீங்கதான், யாரும் வந்தா தொறந்து காட்டுங்கன்னு. காட்டுனேன்.

— எதக் காட்டுன?

— ரூம்புக் கதவ இழுத்துப் பாருங்க சார்னேன். நேத்துப் பேஞ்ச மழைக்குக் கரிசமண்ணு ஊதிக் கதவு நெலையத் தூக்கிருக்குல்லா? அவரு காலை ஊனி இழுக்காரு, கதவு அசைய மாட்டேங்கு. பெறகு சுவத்துல கெடந்த காலண்டரக் கழட்டுனேன்.

— காலண்டரயுமா?

— பின்னே? அதுக்குப் பின்னால இருக்க வெடிப்பு அவருக்குத் தெரிய வேண்டாமா? சித்திரையில வந்தீங்கன்னா உள்ள வெரல விடலாம் சார்னேன். அம்புட்டுதான், கும்பிடு போட்டுட்டாரு. நான் ஒரு பொய் சொல்லல. எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுவேன்.

— ஒனக்குக் கோட்டிதாம்ட்டி புடிச்சிருக்கு. இதோட நாலு பேரு! அண்ணாச்சி காதுக்குப் போனா இன்னைக்கே மூட்டையக் கட்டுன்னுருவாரு.

— வாங்குதவன் மட்டும் நம்மள மடியில வச்சுக் கொஞ்சுவானா? பத்திரம் முடிச்ச மறுநாளே வெளிய போன்னுதான் சொல்லுவான். பிள்ள பொறந்ததுல இருந்து இங்கன கெடக்கோம். தரைக்கு டைல்ஸு யாரு போட்டா? போருக்குள்ள மோட்டார யாரு எறக்குனா? நாமதான? இந்த வீட்ட விட்டுப் போன்னா எனக்கு ஈரக்கொலையே அந்து போவும்.

— அதுக்குத்தான பொறு பொறுங்கேன். ரேட்டு எறங்கட்டும், நாமளே வாங்கிருவோம்.

— பிள்ள பால்வாடிக்குப் போகையில இதச் சொன்னீங்க. இப்ப அவ சைக்கிள்ல பள்ளிக்கூடம் போறா.

— நான் கண்டக்டருட்டி. நாகலாபுரம் ட்ரிப்புல தெனமும் எத்தன வாயக் கேக்கேன்! காலையில ஒரு பெரியவரு, சோலார் கம்பெனிக்காரன் எடமா வளைச்சுப் போடுதான், ரேட்டு இனி ஏறத்தான் செய்யும்ங்காரு. சாயங்காலம் புதூர்க்காரரு ஒருத்தரு, பிளாட் போட்டவன்லாம் கல்ல நட்டுட்டு ஈ ஓட்டுதான், பொறுத்தா பாதி வெலைக்கு வரும்ங்காரு. நான் யாரு பேச்சக் கேக்க?

— ரெண்டு பேருக்கும் டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டு எம் பேச்சக் கேளுங்க. பேங்குல லோனுக்குச் சரின்னுட்டான். அண்ணாச்சி சொல்லுத வெலதான் நமக்கு எட்டல. வாரவன்லாம் திரும்பி ஓடுனா அவரு எறங்கித்தான ஆவணும்?

— பருப்புல கெடக்க கல்ல எண்ணிப் பொறுக்குத பலசரக்குக் கடைக்காரரு அவரு. ஒங்கிட்டயா ஏமாறுவாரு? போன வருசம் நாமளே கேட்டதுக்கு, டைல்ஸ் போட்ட வீடு, மோட்டார் உள்ள வீடுன்னு நம்ம செலவையும் சேத்துல்லா வெல சொன்னாரு!

— எம் மேல பாரத்தப் போட்டுட்டு நீங்க சும்மா இருங்க. ஸ்கூட்டர் சத்தம் கேக்கா? அவரேதான்.

— ஆத்தாடி! வந்தவரு போற வழியிலயே போட்டுக் குடுத்துட்டாரு போல.

— வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க. காபி போடட்டுமா?

— இருக்கட்டும் தாயி. தம்பியும் இருக்கியா? நல்லதாப் போச்சு. இப்ப வந்துட்டுப் போனவரு போன் பண்ணுனாரு. அண்ணாச்சி, அது வீடு இல்ல, தேரு, வருசா வருசம் நகருதுங்காரு.

— கேட்டாரு. உள்ளதச் சொன்னேன் அண்ணாச்சி.

— ரொம்ப நல்லது. நீ சொல்லலன்னா எனக்கு எப்படித் தெரியும்? நாலு பேரும் ஒண்ணு போலச் சொல்லிட்டானுவ. யாவாரம்னா யாவாரம் தாயி. அழுகுன தக்காளிய அடியில வச்சு விக்கப்படாது. இந்த வீட்ட நான் விக்கப் போறதில்ல.

— அப்பாடி! எம் வயித்துல பால வாத்தீங்க.

— இடிச்சிருதேன்.

— என்னது?

— திங்கக்கெழம ஜேசிபி வருது. தரமட்டமாக்கிட்டு வெறும் மனையா விக்கேன். மனையில கதவும் கெடையாது, வெடிப்பும் கெடையாது. நீங்க அதுக்குள்ள சாமானத் தூக்கிருங்க. வேற வீடு நானே பாத்துத் தாரேன்.

— அண்ணாச்சி, அண்ணாச்சி, அவ்வளவு மோசமெல்லாம் இல்ல! கதவு மழைக்கு மட்டுந்தான் அப்படி. ஆசாரிய விட்டு ஒரு இழைப்பு இழைச்சாப் போதும். வெடிப்பும் நாங்க வந்த வருசம் இருந்த அளவுக்கு மேல போகல. கரிசலத் தாண்டி சுக்கான் பாறை வரைக்கும் தோண்டிப் போட்ட அஸ்திவாரம்னு நீங்கதான சொன்னீங்க?

— வந்தவங்கிட்ட ஒண்ணு சொல்லுத. எங்கிட்ட ஒண்ணு சொல்லுத.

— அவன் வாங்கிரப்படாதுன்னுதான் சொன்னேன் அண்ணாச்சி! போதுமா? இந்த அடுப்படியில நின்னுதான் எம் பிள்ளைக்கு மொதச் சோறு ஊட்டுனேன். அந்த முருங்க நான் வச்சது. இடிக்காதீங்க அண்ணாச்சி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஏங்க, நீங்களும் ஒண்ணு சொல்லுங்களேன்!

— அண்ணாச்சி, வெறும் மனைன்னா என்ன வெல சொல்லுவீங்க?

— மேலத் தெருவுல போன மாசம் முடிஞ்ச வெலதான் தம்பி. அதுக்கு மேல ஒரு காசு கேக்க மாட்டேன்.

— ஜேசிபிக்காரன் சும்மாவா வாரான்?

— சும்மா எவன் வாரான்? கல்லு மண்ண அள்ளிக் கொட்ட டிப்பருக்கு வேற அழணும்.

— அந்தச் செலவு ஒங்களுக்கு வேண்டாம். நீங்க சொன்ன வெலைக்கு மனைய எனக்குக் குடுங்க. அதுக்கு மேல நிக்க வீட்ட நான் பாத்துக்கிடுதேன்.

— ஏங்க! நெசமாவா சொல்லுதீங்க?

— நீ கொஞ்சம் சும்மா இருட்டி.

— தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லு. ரேட்டு எறங்கட்டும், எறங்கட்டும்னு நின்ன ஆளு நீ. நாளைக்கு எறங்குச்சுன்னா என்ன வையப்படாது.

— ஏறுனா ஏறட்டும், எறங்குனா எறங்கட்டும் அண்ணாச்சி. நான் என்ன, வாங்கி விக்கவா போறேன்? இவ இப்படி அழுது நான் பாத்ததில்ல. இனி பஸ்ஸுல எவன் என்ன சொன்னாலும் எங் காதுல ஏறாது.

— வாக்கு மாற மாட்டியே?

— மாற மாட்டேன். நாளைக்கே அட்வான்ஸக் கையில வாங்கிக்கிடுங்க.

— அப்ப கையக் குடு. முடிஞ்சு போச்சு. தாயி, கண்ணத் தொடச்சுட்டு வெத்தலத் தட்ட எடுத்துட்டு வா. ஒங்க வீட்டுல ஒரு வாய் போட்டுட்டுக் கெளம்புதேன்.

— இந்தாங்க அண்ணாச்சி. ஏங்க, கேட்டீங்களா, ஒங்க வீடுன்னுட்டாரு! கோட்டின்னு சொன்னீங்கள்லா? நாலு பேர நான் வெரட்டுனதுனாலதான் இன்னைக்கு இந்த வெலைக்கு வந்துருக்கு. இனிமேலாச்சும் எம் பேச்சக் கேளுங்க.

— தாயி, கை அடிச்சாச்சு, இனிச் சொன்னா குத்தமில்ல. அந்த நாலு பேரும் எங் கடைக்குச் சரக்கு ஏத்திட்டு வாரவனுவ. தம்பி அசைய மாட்டேங்கானேன்னு நாந்தான் அனுப்பிச்சேன், ஜேசிபிக்கும் சொல்லல. இந்த வீட்ட நெசமா வேணும்னு கேட்டு வந்து நின்ன ஆளு, இன்னைக்கு வரைக்கும் நீங்க மட்டுந்தான்.