முதல் பாட்டோடு போன ஒரு பக்கம்

பாட்டுக் கேட்பதில் எனக்கு அவ்வளவு நாட்டம் கிடையாது. என் வேலைக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. புதுப் பாட்டு ஒன்று வெளிவரும்போது வானொலிக்காரர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அதோடு ஒரு பக்கக் குறிப்பு போகும். பாடுகிறவர் யார், எந்த வேதனையில் பாடுகிறார் என்று அதில் இருக்கும். அதை எழுதுகிறவன் நான். ஒரே ஆண்டில் பதினொரு பேரை 'நம் காலத்தின் குரல்' என்று எழுதியிருக்கிறேன். பதினொரு பேரும் நம்பினார்கள்.

இசலினுக்கு அப்போது பத்தொன்பது வயது. வெர்வியே ஊர்ப் பெண். அவளே எழுதிய முதல் பாட்டு, வேலைக்குப் போன அம்மா திரும்பும்வரை சமையலறை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியைப் பற்றியது. அவளுடைய அம்மா கிஸ்லேன் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தாள். தினமும் ஒழுங்காகத் திரும்பியும் வந்தாள். அதுதான் சிக்கலாகப் போயிற்று.

வானொலியில் பாட்டுத் தேர்ந்தெடுக்கும் மனிதர் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பொண்ணுக்கு என்னதான் ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் ஆகலை."

"அப்ப நான் எதுக்குப்பா போடணும்?"

திரும்பி வந்து குறிப்பில் மூன்றே சொற்கள் சேர்த்தேன்: 'மறைந்த தன் தாய்க்கு.'

இசலின் ஒப்பவில்லை. "எங்கம்மா கடையில நிக்கிறாங்க, மெஸ்யே. போய்ப் பாருங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். கிஸ்லேன் சிரித்துவிட்டாள்.

"நான் செத்துப்போகணும், அவ்வளவுதானே மெஸ்யே? அதுக்கு லீவு குடுப்பாங்களா?" பிறகு மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "பாட்டு ஓடுமா?" என்று கேட்டாள்.

ஓடும் என்றேன்.

"அப்ப எழுதிக்கோங்க. அவகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் சம்மதித்தாள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

பாட்டு ஓடியது. தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துபவர் இசலினின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கிஸ்லேன் எனக்குப் போன் செய்து, "என்னைப் பத்தி ரொம்ப நல்லாப் பேசினாங்க" என்றாள். ஆனால் வெர்வியேயில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. தெருக்காரர்கள் பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டிருந்தாலும் எத்தனை நாளைக்கு? நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஆர்லோனுக்குக் குடிபோகச் சொன்னேன். போனாள். எங்கள் நாட்டில் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே வாழ்ந்து சாகிறார்கள். மகளுக்கோ தகப்பன் பெயர். அது வசதியாக இருந்தது.

அடுத்த அக்டோபரில் கிஸ்லேனுக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். இசலின் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். தாதிகளுக்கு அவள் முகம் தெரியும், எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, அம்மாவுக்கே சங்கடம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கச்சேரி முடியட்டும், மறுநாள் தொப்பி போட்டுக்கொண்டு தூரத்துச் சொந்தமாகப் போகலாம் என்று ஏற்பாடு. கிஸ்லேன் வியாழக்கிழமையே போய்விட்டாள். இதை எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை.

மரண அறிவிப்பு அட்டை அச்சடிக்க வேண்டும். அதில் உறவினர் பெயர்கள் வரிசையாக வரும். கிஸ்லேனின் அண்ணன் ஃப்ரெடி எழுதி எடுத்துவந்தார். முதல் வரி, 'அவருடைய மகள் இசலின்.' நான் அதை அடித்தேன்.

"அவளுக்கு இருந்ததே ஒரே பொண்ணு" என்றார் ஃப்ரெடி. "அதையும் எடுத்துட்டா அட்டையில என்னய்யா மிச்சம்?"

'உடன் பணிபுரிந்தோர்' என்று சேர்த்துக் கொடுத்தேன்.

அடக்கத்துக்கு இசலின் வந்தே தீருவேன் என்றாள். மறுக்க நான் மிருகமா? பாதிரியாரிடம் பேசினேன்: காலமான அம்மையாருக்கு இந்தப் பாட்டு என்றால் உயிர், பாடகி தாமாகவே முன்வந்து பாட இசைந்திருக்கிறார் என்றேன். அவர் நெகிழ்ந்துபோனார். அப்படியாக இசலின் தன் அம்மாவின் பெட்டிக்கு அருகே, சிறப்பு விருந்தினராக நின்று பாடினாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். கூட்டம் அதைப் பாட்டின் பகுதி என்று நினைத்தது.

பிறகு துக்கம் கேட்கும் வரிசை. எல்லோரும் ஃப்ரெடியின் கையைப் பற்றினார்கள். இசலினிடம் வந்தவர்கள் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஓர் அம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டு, "உங்கம்மா போனப்ப எப்படிம்மா தாங்கினே?" என்று கேட்டாள். இசலின் என்னைப் பார்த்தாள். பதில் நான் சொல்லிக்கொடுப்பேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. சொல்லியும் கொடுத்தேன். அவள் அதை அப்படியே சொன்னாள்.

மறுநாள் பத்திரிகைகளில் வந்த படத்தை நான் எடுக்கவில்லை. அனுப்பினேன். 'தாயை இழந்தவள் தேற்றுகிறாள்' என்ற தலைப்பு என்னுடையது.

இப்போது அவள் என்னிடம் கேட்பது இரண்டுதான்: நடந்ததை என் பெயரிட்டு ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும், கல்லறைக் கல்லில் 'மகள்' என்று தன் பெயரைப் பொறிக்க வேண்டும். எழுதிவிட்டேன். பக்கம் சற்று நீண்டுவிட்டது. வெட்கத்தைச் சுருக்க முடியவில்லை. பொய் ஒரு வரிகூட இல்லை. நான் எழுதியவற்றிலேயே இதுதான் சிறந்தது என்று எனக்கே தோன்றுகிறது.

அவளுடைய இரண்டாவது பாட்டு மார்ச்சில் வருகிறது. அதுவரை இதை யாருக்கும் காட்ட வேண்டாம், அதோடு சேர்த்து அனுப்பிக்கொள்ளலாம் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.