நான்கு சக்கரமும் தளர்ந்திருந்தது

பட்டறையில் என்னைக் ‘காத்து’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தேழு. ரயில் கேட்டுக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஏர் பிரேக் மெக்கானிக். யாரும் வற்புறுத்தாமல் நானே வந்து சொல்வதாவது:

ராணுவம் ஏலத்தில் கழித்த பழைய டிரெய்லர் ஒன்றை எங்கள் முதலாளி வாங்கியிருந்தார். அதை லாரியில் பூட்டி ஓட்டுபவர் என் மனைவியின் தம்பி. சம்பவத்தன்று காலை டிரெய்லரின் பிரேக் இறுகிக்கொண்டு, பாரத்தோடு பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டது. பழுது பார்க்கும் குழிக்கு நகர்த்துவதற்காக நான் அடியில் படுத்து நான்கு சக்கரங்களிலும் பிரேக்கைத் தளர்த்தினேன். அப்படித் தளர்த்தினால் காற்று ஏறினாலும் பிரேக் பிடிக்காது என்பதால், அடையாளமாக ஸ்டியரிங்கில் சாக்குத் துண்டு கட்டுவது எங்கள் வழக்கம். திரும்ப இறுக்கிய பிறகுதான் அவிழ்க்க வேண்டும். திருப்புவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று மச்சான் சொன்னதால் நானே அதை முன்கூட்டி அவிழ்த்தேன்.

அதன்பின் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் டிரெய்லர் வால்வில் நுரை கிளம்பியது. பிரித்தபோது உள்ளே ரப்பர் வெடித்திருந்தது. அந்த மாடலுக்குப் புதிது கிடைக்காது என்பதால் வேறொரு வால்வின் ரப்பரைப் பொருத்தினேன். கசிவு நின்றது, காற்றழுத்தம் காட்டும் முள் முழுதாக ஏறியது. மச்சான் தலையை வெளியே நீட்டி, “மாமா, புடிக்குமா? இல்ல, அக்காகிட்ட இப்பவே சொல்லிட்டுப் போயிடவா?” என்றார். “காத்து சத்தம் கேக்கலையா? எடுறா வண்டிய” என்றேன். சக்கரங்களைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அதன்பின் கிடங்குக்கு இறங்கும் சரிவில் டிரெய்லரின் பாரம் லாரியைத் தள்ளிக்கொண்டு போய், கேட்டைத் திறந்துகொண்டிருந்த வாட்ச்மேனைச் சுவரோடு நசுக்கியது. அவருடைய வலது காலை எடுத்துவிட்டார்கள். காற்று முழுதாக இருந்ததால் ஓட்டியவர் பிரேக்கை மிதிக்கவே இல்லை என்று மச்சானைக் கைது செய்தார்கள். முதல் விசாரணையில் நானும் பிரேக் நன்றாக இருந்தது என்றே சொன்னேன்.

இன்று காலை என் மனைவி, லாக்கப்பில் இருக்கும் தம்பிக்கு மாற்றுச் சட்டை மடித்துக் கொடுத்தாள். சட்டையை வாங்கிக்கொண்ட மச்சான், “நான் மிதிச்சேன் மாமா. நீங்களாவது நம்புங்க” என்றார். அங்கிருந்து நேராக இந்த மேசைக்கு வந்தேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். பிரேக்கை இறுக்க நான் மறந்துவிட்டதாக எழுதியிருந்த வரியை அடிக்கச் சொன்னேன். லாரி பட்டறை கேட்டைத் தாண்டும்போதே எனக்கு நினைவு வந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அதற்குள் குழிமேல் அடுத்த வண்டி வந்து நின்றிருந்தது. முதலாளி பக்கத்தில் நின்றார். நான் கூப்பிடவில்லை.

திருத்திய பிறகு மறுபடி படிக்கக் கேட்டேன். இப்போது எல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

(கையொப்பம்)